இருபத்திரண்டாயிரம் அடி

எங்கள் தீவில், அபர்டீன் பஜாரிலிருக்கும் எங்கள் குடைக்கடையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லியிலிருந்து லே போகிற விமானம். அதில் என் தங்கை பஸீலாவும் அவளுடைய ஆறு வயது மகள் அஸ்ரினும் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லேயில் வேலை. இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டான்.

நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டது என்று டெல்லி ஆபீஸிலிருந்து முத்துகிருஷ்ணன் போன் செய்திருந்தான். எனக்கும் அதே ஆபீஸ்தான். விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. லீவில் ஊருக்கு வந்திருந்தேன்.

திரையில் உயரம் மடமடவென்று இறங்கியது. இருபத்திரண்டாயிரம் அடியில் நின்றுவிட்டது.

"ஏன்டா நிக்குது?" என்றார் வாப்பா. முப்பது வருடம் தீவுக் கப்பல்களில் சராங்காக மாலுமிகளை மேய்த்தவர். "நீச்சே வரச் சொல்லுடா, ஜல்தி!"

"கீழ மலை வாப்பா. நம்ம ஊரு மாதிரி கடல் இல்ல. மலையத் தாண்டுற வரைக்கும் அதுக்குக் கீழ வரக்கூடாது."

"எந்த மடையன் சொன்னான்?"

அந்த மடையன் நான்தான். அந்த வழிக்கு அந்த எண்ணைப் போட்டவனே நான். மலை தாண்டப் பதினொரு நிமிடம். தலைக்கு மேலிருந்து விழும் மாஸ்க்கில் பதினொரு நிமிடத்துக்கு மேலேயே ஆக்சிஜன் வரும். போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது. போடாதவர்கள் சில நிமிடங்களில் மயங்கிவிடுவார்கள். அதனால்தான் முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு என்று ஒவ்வொரு விமானத்திலும் தொண்டை வறளச் சொல்கிறார்கள்.

"பஸீலா முதல்ல தனக்குப் போட்டிருப்பாளா?" வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

வாப்பாவின் முகம் வெளுத்தது. சின்ன வயதில், கட்சால் தீவுக்குப் போகிற கப்பலில் எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டப் பழக்கியவர் அவர்தான். 'பெஹ்லே பச்சா' என்பார், முதலில் பிள்ளைக்கு. பஸீலா தன் பொம்மைக்குக் கட்டிவிட்டுத்தான் தனக்குக் கட்டுவாள். வாப்பா கைதட்டுவார். நானும் தட்டியிருக்கிறேன்.

"அவளுக்கு போன் போடுடா."

போகாது என்று தெரிந்தே போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். குடை விலை கேட்டு வந்த அம்மாளை, போய்த் தொலையுங்கள் என்று கத்தினேன். ஏழு நிமிடம். எட்டு. எண் அசையவில்லை. இவ்வளவு கையாலாகாதவனாக என் வாழ்நாளில் நான் இருந்ததில்லை.

பதினொன்றாவது நிமிடத்தில் இறங்கத் தொடங்கியது, நான் போட்டபடியே, துளி பிசகாமல். முக்கால் மணி நேரத்தில் விமானம் டெல்லிக்கே திரும்பித் தரை இறங்கியது. 'சேஃப்' என்று முத்துகிருஷ்ணனின் மெசேஜ் வந்தது. வாப்பா அல்லாஹ்வைப் புகழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸீலாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பேசியது அஸ்ரின்.

"மாமா, உம்மாவ ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க. கண்ணே தொறக்கல. எனக்கு நல்லா மாட்டிவிட்டாங்க மாமா. உம்மாவுக்கு மாட்டத்தான் எனக்குத் தெரியல."