ராக்கம்மாளின் இரும்பும் நான் சொன்ன பாதியும்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது. போன வருடம், 1988இல், கம்பம் ஊருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நான் சுகாதாரச் செவிலியர், பெயர் சாராள். ராக்கம்மாள் அங்கே திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவள். ஐந்து மாதக் கர்ப்பிணி, இரண்டாவது பிள்ளை. ரத்தம் (ஹீமோகுளோபின்) எட்டு பாயிண்ட்; பதினொன்றாவது இருக்க வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பச்சைப் பந்தலின் கீழே, வெளிறிய முகத்தோடு அந்த அபலை..."

(அடித்துவிட்டேன். ராக்கம்மாள் அபலை இல்லை. தோட்டக்காரரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவள்.)

2

இரும்புச் சத்து மாத்திரையைக் கையில் கொடுத்தபோது என்னையும் கேட்டாள். "இத முழுங்குனா, உடம்புல எந்த எடத்துக்கு இரும்பு வேணும்னு எப்படித் தெரியும் நர்சம்மா?"

எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் மாத்திரையின் அளவைச் சொல்லிக்கொடுத்தார்கள்; இதைச் சொல்லவில்லை. மதுரையில் உயிரியல் ஆய்வு செய்துகொண்டிருந்த என் தம்பி சுந்தர்ராஜுக்கு எழுதினேன். இன்லேண்டு கடிதத்தின் மடிப்பு வரை நிரப்பி அனுப்பினான்.

சாரம் இதுதான். ரத்தத்தில் இரும்பை ஒரு புரதம் சுமந்து போகிறது. அதைப் பிடித்து உள்ளே இழுக்க, செல்லின் மேல் ஏற்பிகள் உண்டு. உள்ளே இரும்பு குறைந்தால் செல் கூடுதல் ஏற்பிகளைச் செய்துகொள்கிறது. போதுமான அளவு சேர்ந்தால் குறைத்துக்கொள்கிறது.*

* எப்படி என்றால்: ஏற்பியைச் செய்வதற்கான குறிப்பு, ஆர்.என்.ஏ. என்ற இழையாகச் செல்லுக்குள் இருக்கிறது. இரும்பு குறைந்த நேரத்தில் வேறொரு புரதம் அந்த இழையைப் பற்றிக்கொண்டு சிதையாமல் காக்கிறது. குறிப்பு நீடிக்கிறது, ஏற்பிகள் பெருகுகின்றன. இரும்பு சேர்ந்ததும் அந்தப் புரதம் விலகுகிறது, இழை வெட்டுப்படுகிறது. (இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். நான்கு முறை திருத்தி எழுதியது, கொஞ்சம் வருத்தப்படுவேன்.)

3

"பசித்த செல் வாசலில் நின்று எட்டிப் பார்த்து..."

(செல்லுக்குக் கண் கிடையாது. விட்டுவிட்டேன்.)

ராக்கம்மாளிடம் சுருக்கமாகச் சொன்னேன். "இரும்பு கொறஞ்சா உன் உடம்பே கூட நாலு வாசலத் தெறந்து வச்சுக்கிரும்."

"பரவாயில்லையே," என்று சிரித்தாள். நன்றாக விளக்கிவிட்ட பெருமையோடு சைக்கிளில் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் ஏழே முக்கால்.

"மாத்திர சாப்பிடுறியா?"

"இல்லையே. ரெண்டு நாள் போட்டேன், வயித்தக் கட்டுது, கருப்பாப் போகுது. நீங்கதான சொன்னீக, உடம்பே வாசலத் தெறந்துக்கிரும்னு. பெறகு மாத்திர எதுக்கு?"

இங்கே ஒரு கண்ணீர்ப் பத்தி எழுதி வைத்திருந்தேன். உண்மையில் நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் இந்த உடம்பு தாங்காது. தாங்காமல் போனால் அதற்குக் காரணம் என் வாய்.

"தப்பு என்னோடது. பாதிதான் சொல்லியிருக்கேன்," என்றேன்.

"மீதியச் சொல்லுங்க."

"வாசல் தெறந்துதான் இருக்கு. ஆனா..."

என் வாக்கியத்தை முடித்தது அவள்தான். "தெருவுல ஒண்ணும் வரலங்கறீக."

"ஆமா."

"அம்புட்டு வாசலையும் தெறந்து வச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கு."

"ஆமா."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.

"டீயோட போடாத. டீ இரும்ப மறிச்சிரும்."

"அது வேறயா," என்றாள்.

4

முடிவு ஒன்று, சோகம். (எழுத முடியாது. அவள் உயிரோடு இருக்கிறாள். கேள்விப்பட்டால் சண்டைக்கு வருவாள்.)

முடிவு இரண்டு, அவள் ஊருக்கெல்லாம் ஏற்பி பற்றிப் பிரசங்கம் செய்கிறாள். (பொய். அவளுக்கு நேரமில்லை.)

நடந்தது இது: எட்டாம் மாதக் கடைசியில் பத்தேகால். மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லாமல், உள்ளூரிலேயே பெண் குழந்தை.

5

இதோடு முடிக்கலாம் என்றிருந்தேன். இதுவரை எழுதியதை இன்று காலை ராக்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். மடியில் கைக்குழந்தை தூங்க, கடைசி வரை கேட்டாள்.

"எல்லாம் சரி. அந்த ஒரு மாசத்து மாத்திரைய என்ன செஞ்சேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"என்ன செஞ்சே?"

"எங்க மதினி ராமுத்தாய்க்குக் குடுத்துட்டேன். கூடையத் தூக்கி நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும் அவளுக்கு. அந்த மாசம் தேவலையா இருந்தா. மாத்திர தீந்ததும் பழையபடி ஆயிட்டா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவ மாசமா இல்லையே. மாசமா இருந்தாத்தான தர்றீக."

நான் எழுதிய கதையில் ராமுத்தாய் ஒரு வரியில்கூட இல்லை. சோதனைக் குழாயையும் ஊசியையும் பையில் வைத்துவிட்டேன். இப்போதே அவளைப் பார்க்கப் போகிறேன். காத்திருக்க முடியாதவர்கள் அவளுடைய ரத்த அளவை இங்கே எழுதிக்கொள்ளலாம்:

ராமுத்தாய், ......... பாயிண்ட்.

பன்னிரண்டுக்கு மேல் எழுதினால் எனக்கு மகிழ்ச்சி. கீழே எழுதினால், அவளுக்கு மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதையும் அடுத்த வரியில் நீங்கள்தான் எழுத வேண்டும்.