மூன்றாவது கதிரை

ஐந்தாம் வாய்க்கால் குடும்ப வைத்திய நிலையத்தில் டொக்டரின் அறைக்குள் மூன்று கதிரைகள். ஒன்று டொக்டருக்கு. ஒன்று நோயாளிக்கு. மூன்றாவது, சுவரோரமாகக் கிடக்கும் நீலப் பிளாஸ்ரிக் கதிரை, அடுத்த நோயாளிக்கு. ஒருவர் வெளியே போய், அடுத்தவரைக் கூப்பிட்டு, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி வருவதற்குள் நேரம் வீணாகிறதென்று சிற்றூழியர் சின்னராசா செய்துவைத்த ஏற்பாடு அது. மனுசன் நல்லவர்தான். புதுக்குடியிருப்புக்குப் போகிற பஸ்ஸைச் சனம் தவறவிடக்கூடாது என்ற இரக்கத்தில் செய்தார். இரக்கத்தால் வந்த கேட்டுக்கு யாரைத் திட்டுவது?

அந்தக் கதிரையின் புண்ணியத்தில் யாருக்கு மூலம், யாருக்குச் சீனி, எந்த வீட்டு மருமகளுக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை என்பதெல்லாம் மத்தியானம் உலை கொதிப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் விவரமான சனம் அந்த அறைக்குள் ஒரே வருத்தத்தைத்தான் சொல்லும்: கால் நோ. கால் நோவில் மானக்கேடு இல்லை. வயலில் நிற்கிற கால் நோகத்தானே செய்யும். வெளியூரிலிருந்து வந்த இளம் பெண் டொக்டர், இந்தப் பக்கத்தில் ஏன் இத்தனை பேருக்குக் கால் நோகிறதென்று மண்டையைப் போட்டு உடைத்து, கடைசியில் கிணற்றுத் தண்ணீரைக்கூடச் சோதிக்க அனுப்பினார்.

நேசமலர் முதல் தடவை போனது தை மாதத்தில். இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான், நோவும் இல்லை. நோகாத கட்டிதான் கூடாதது என்று ரேடியோவில் யாரோ சொல்ல எப்போதோ கேட்டிருந்தாள். கணவன் மயில்வாகனத்திடம் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அவர் விழுவார், பிறகு அவரையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

வெளியே நீள வாங்கில் காத்திருந்தபடி சொல்லவேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். நெஞ்சில ஒரு கட்டி, டொக்டர். அவ்வளவுதான், நாலு சொல். உள்ளே போய், முறை வந்ததும் நோயாளிக் கதிரையில் இருந்தாள். வாயைத் திறக்கப்போகும் நேரத்தில் மூன்றாவது கதிரை கிறீச்சிட்டது. திரும்பினாள். கமலாசனி.

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, கமலாசனி. மகள் சாரங்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிவகரனின் தாய். பொருத்தம் பார்த்தாகிவிட்டது, அந்தப் பக்கத்துப் பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள். கெட்ட மனுசி என்று சொல்ல முடியாது. ஆனால் மகனுக்கு முதல் வந்த சம்பந்தத்தை, பெண்ணின் தாய்க்குத் தொய்வு, மூச்சு இழுக்கும் என்று கேள்விப்பட்டதும் வேண்டாமென்று விட்டவள். தொய்வுக்கே அப்படியென்றால் இதற்கு என்ன சொல்வாள்? தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்பாள். சாரங்கா சிவகரனின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பது நேசமலருக்குத் தெரியும்.

"சொல்லுங்கோ அம்மா, என்ன செய்யுது?" என்றார் டொக்டர்.

"கால் நோகுது, டொக்டர்."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"வேற ஏதும்?"

"வேற ஒண்டுமில்லை."

கமலாசனி உருகிப்போனாள். "எனக்கும் உதுதான் நேசக்கா. நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிப் பாருங்கோ," என்றாள். பனடோல் குளிசையை முந்தானையில் முடிந்துகொண்டு நேசமலர் வீட்டுக்கு வந்தாள். அடுத்த கிழமை சம்மதம் என்று பதில் வந்தது. வீடு முழுக்கச் சிரிப்பு. நேசமலரும் சிரித்தாள், குசினிக்குள் போய் அழுதாள்.

வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். வீடு வீடாக வருகிற மருத்துவமாது கமலாசனியின் அண்ணன் மகள். முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குத் தனியப் போவதென்றால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். சித்திரையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடியும் இங்கேயே போனாள். அன்று மூன்றாவது கதிரையில் சங்கக்கடை மனேச்சர். ஓர் ஆம்பிளைக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? கால் நோ என்றாள். எந்தக் கால் என்று டொக்டர் கேட்டார். ரெண்டும் என்றாள். கலியாணம் ஆவணியில். அது முடியட்டும் என்று தனக்குத் தானே தவணை கொடுத்தாள்.

கட்டி தவணைக்கு நிற்கவில்லை. கலியாணத்தன்று, சட்டை உரசாமலிருக்கப் பட்டுச் சேலைக்குள் பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு, இடது கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தபடி நின்று ஆட்களை வரவேற்றாள். தாலி ஏறியதும் அவளுக்கு வந்த நிம்மதியில் கால்கள் உண்மையாகவே தளர்ந்துபோயின. சாரங்கா கழுத்தைக் கட்டிப்பிடித்தபோது நோவில் உயிர் போனது. பிள்ளையைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

புரட்டாதியில் கட்டி உடைந்தது. வீட்டுக்குள் ஒரு கெட்ட மணம் வரத் தொடங்கியது.

"இஞ்சை எங்கையோ எலி செத்துக் கிடக்குது," என்றார் மயில்வாகனம். மூலை முடுக்கெல்லாம் தேடினார். அலுமாரியை இழுத்து நகர்த்தினார். "ரோச் லைற்றைப் பிடியும் நேசம், உந்தப் பின்பக்கத்தைப் பாப்பம்." நேசமலர் ரோச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனுசன் குப்புறப் படுத்து, இல்லாத எலியைத் தேடிக்கொண்டேயிருந்தார். அந்த முதுகைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"எலி இல்லையப்பா," என்றாள். "எழும்புங்கோ."

அன்று அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை அவள் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது கதிரையில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டையை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்த முகம் வெளிறிப்போயிற்று.

"ஏன் அம்மா அப்பவே சொல்லேல்லை? ரெண்டு தரம் வந்தியள்தானே?"

நேசமலர் திரை விலகிய இடைவெளியால் அந்த நீலக் கதிரையைப் பார்த்தாள். டொக்டர் அவள் முகத்தைப் பார்த்தாரே தவிர, அவள் பார்த்த இடத்தைப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்தார்கள், ஊசியால் குத்தி எடுத்தார்கள். எலும்புக்கும் போய்விட்டது, வெட்டிப் பிரயோசனமில்லை என்று மயில்வாகனத்தை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். நோவுக்கான மருந்தை ஊரிலேயே மாதாமாதம் எடுக்கலாம் என்றார்கள். விசயம் தெரிந்து கமலாசனி ஓடி வந்தாள். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, நேசக்கா. நான் என்ன பிறத்தியே?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உண்மையானது. அதுதான் நேசமலருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மருந்து எடுக்கப் போன நாளொன்றில் அவளுடைய முறை நெருங்கியது. சின்னராசா அவளை உள்ளே விட்டார். மூன்றாவது கதிரையில் முதல்முறையாக அவள் ஆறுதலாகச் சாய்ந்து இருந்தாள். நோயாளிக் கதிரையில் தனுஷா என்கிற பிள்ளை, ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவள், இன்னும் கலியாணமாகவில்லை. பிள்ளையின் கை அடிவயிற்றில் இருந்தது.

"என்ன செய்யுது, தங்கச்சி?"

தனுஷா வாயைத் திறந்தாள். பிறகு கடைக்கண்ணால் நேசமலரைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்த கை மெல்ல இறங்கி முழங்காலுக்குப் போயிற்று.

"கால் நோகுது, டொக்டர்."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

நேசமலர் தன்னுடைய குரலை வேறொருத்தியின் வாயால் கேட்டாள். இத்தனை நாளும் அந்தக் கதிரையில் இருந்தவர்களையெல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தவள். இப்போது அதில் இருப்பது தான் என்று விளங்கியதும் வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. எழும்பினாள். வெளியே போனால் போதாது, இடம் வெறுமையானால் சின்னராசா உடனே இன்னொருவரை அனுப்பிவிடுவார். வீங்கிய இடது கையை விட்டுவிட்டு, வலது கையால் கதிரையைத் தூக்கினாள்.

"அக்கா, கதிரையை எங்கை கொண்டு போறியள்?" என்றார் வாசலில் நின்ற சின்னராசா.

"வெளியில."

"அது உள்ளுக்குக் கிடக்கிற கதிரையல்லோ?"

"இனிமேல் இல்லை."

கதவை இழுத்துச் சாத்தினாள். கதவோடு ஒட்டக் கதிரையைப் போட்டு, முதுகைக் கதவுக்குக் கொடுத்து இருந்துகொண்டாள். அந்தச் சின்ன நடைக்கே மூச்சு வாங்கியது. சின்னராசா கிட்ட வந்தார். அவளை எழுப்ப ஒரு கையைப் பிடிக்க வேண்டும், எந்தக் கையைப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டார்.

வாங்கில் இருந்த சனம் முணுமுணுத்தது. "ஒவ்வொருத்தராப் போனாப் பொழுதுபட்டிடும்," என்றார் யாரோ ஒருவர்.

"பட்டாப் படட்டும்," என்றாள் நேசமலர்.

பஸ் வந்தது. பாதிச் சனம் வாங்கை விட்டு எழும்பியது, பிறகு திரும்ப இருந்தது. பஸ் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கவேயில்லை. கால் நோவுக்கு இவ்வளவு நேரம் எடுக்காது.