கிரைண்டர் சத்தத்துக்குள் ஒரு குரல்

ஜோவிதா கோவையில் இட்லி மாவு ஆட்டி விற்றுவந்தாள். தொண்ணூற்று மூன்றில் மாதாகோவில் பாடகர் குழுவில் சேரப் போனபோது, "உங்க குரலுக்குப் பாட்டு ஒத்து வராதுங்க" என்றார் குழுத்தலைவர். கணவர் தேவதாஸும் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் மாவாட்டும்போது, யாருக்கும் கேட்காமல், கிரைண்டர் சத்தத்துக்குள் பாடிப் பழகினாள்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள், பாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. கிரைண்டர் நின்றது, அவள் நிறுத்தவில்லை.

"மெதுவாப் பாடு அம்மணி, தெருவுக்கே கேக்குது" என்றார் தேவதாஸ்.

"கேக்கட்டுமுங்க. ஒளிஞ்சு பாடுனது போதும்" என்று குரலை இன்னும் உயர்த்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் அழைக்காமலே குழுவோடு போய் நின்று பாடினாள். முறைத்துக்கொண்டிருந்த தலைவர், பாட்டு முடிந்ததும், "அடுத்த வாரமும் வந்துருங்க" என்றார்.

"நீங்க சொல்லாட்டியும் வருவேனுங்க" என்றாள் ஜோவிதா.