இருபுறமும் சம்மதம்

...சம்மதமாம், எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் டாண்டா கிளைக் கணினி 'நீ கேட்டால், வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்புகிறேன்' என்கிறது, கெய்ரோவில் என் தரவுத்தளமும் அதையேதான் சொல்கிறது, 'நீ கேட்டால் பூட்டுகிறேன்', இரண்டும் கேட்டதில்லை, ஆகவே கிளை திறந்த நாளிலிருந்து நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒட்டுத்துணி இல்லாமல் டாண்டாவிலிருந்து கெய்ரோ வரை நடந்து வருகின்றன... எங்கள் ஊர் மரியாதை இயந்திரங்களுக்கும் தொற்றிவிட்டதா? மஸ்கிக் கடைத்தெருவில் அப்பாவின் துணிக்கடையில், விலை படிந்ததும் "காசெல்லாம் எதுக்கு, இருக்கட்டும்" என்பார், வாங்குகிறவர் "ஐயோ, அதெப்படி" என்று திரும்பத் திரும்ப நீட்டியாக வேண்டும், அதுதான் வழக்கம், ஒருநாள் ஒரு வெளியூர்க்காரன் "ரொம்ப நன்றி" என்று துணியோடு நடையைக் கட்டினான், அப்பா திறந்த வாயை மூடவில்லை... சிரிக்க முடியவில்லை இன்று. காலையில் சோதித்துப் பார்க்கத்தான் இணையக் கம்பியில் காது வைத்தேன், போகிற தரவைப் படித்தேன், முதலில் விழுந்ததே ஷாஹினாஸ், என் அக்காள் மகள், கல்யாணத்துக்கு முன் எல்லோரும் எடுத்தாக வேண்டிய அந்தப் பரிசோதனை, பெயர், பிறந்த தேதி, ஹெபடைடிஸ் சி: உண்டு. அவளுக்கே இன்னும் தெரியாது, எனக்குத் தெரிந்துவிட்டது, கை கழுவிக் கழுவி வந்தேன், பிசுக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் தம்பிதான் டாண்டா கிளைக் கட்டிடத்துக்கு இணையம் இழுத்துக் கொடுத்தவன், அவனும் காது வைத்தால்? மாத்திரையில் தீரும் நோய், ஆனால் கல்யாணப் பேச்சு மாத்திரைக்கா காத்திருக்கும்? போதாததற்கு, முடிவுகளுக்கு முத்திரையும் கிடையாது, நடுவழியில் 'உண்டு' என்பதை 'இல்லை' என்று எவன் மாற்றினாலும் எங்களுக்குத் தெரியாது... மாற்றிவிட மாட்டானா ஒருவன் என்று ஒரு கணம் நினைத்தேன், தூ, என்ன பிறவி நான்.

நிர்வாகி லுத்ஃபி எள்ளு ரொட்டியைக் கடித்தபடி காகிதத்தை நீட்டினார், தணிக்கைக்காரர்களுக்கு, 'வழியில் போகும் தரவு பூட்டப்பட்டுள்ளது' என்று, கீழே கையெழுத்துக்கு என் பெயர், அதன் மேல் ஒரு எள்ளு.

"போடுங்க இன்ஜினியர் பாஷா. ரெண்டு பக்கமும் சம்மதம்னு இருக்குல்ல? இன்னும் என்ன, மோதிரம் மாத்தணுமா?"

"லுத்ஃபி பே, சம்மதம்னா பூட்டியாச்சுன்னு அர்த்தமில்ல. ஒரு பக்கமாவது கட்டாயம்னு சொல்லணும்."

"சொன்னா டாண்டாவுல இருக்கற கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், ரிசல்ட் லேட்டாகும், கூட்டம் கவுண்டரை உடைக்கும். யாரு பதில் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க, இப்பவே கட்டாயம்னு போட்டுடறேன்."

"நீங்க கேளுங்க, நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

பாஷா, பே என்று ஒருவருக்கொருவர் மரியாதைப் பட்டம் சூட்டிப் பேசிக்கொண்டே லிஃப்ட் வரை வந்துவிட்டோம், கதவு திறந்தது, "நீங்க முதல்ல", "சத்தியமா நீங்கதான்", "அட, என் தலை மேல ஆணை", அவர் கை என் முதுகில், என் கை அவர் தோளில், ரொட்டித் தூள் என் சட்டையில், கதவு மூடிக்கொண்டு காலியாக மேலே போயிற்று. லுத்ஃபி பல் தெரியச் சிரித்தார், பல்லிடுக்கில் எள்ளு, இந்த ஆளையா ஷாஹினாஸ் நம்பிக் கை நீட்டி ரத்தம் கொடுத்தாள்... இல்லை, அவரையா? 'மாமா வேலை பார்க்கிற இடம்' என்றல்லவா வந்தாள்? ஒரு பக்கம் கட்டாயம் என்றால் போதும், கெய்ரோ பக்கத்தின் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது, காலையிலிருந்தே... நீங்க சொல்லுங்க, போட்டுடறேன்... இந்த வாக்கியத்தை இன்று ஏதோ திரையில் படித்தேனே, எங்கே?