கடைசி வளைவில் நிற்பவர்

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள நகராட்சி மைதானத்தில், பள்ளி மாணவிகளுக்கான எண்ணூறு மீட்டர் இறுதிப் போட்டி நடந்தது. மாணவர் விளையாட்டு ஊக்குவிப்புச் சங்கத்தின் சார்பில் ஓடிய பெண் மூன்றாவதாக வந்தாள்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு வெயிலில் காய்கிற பெற்றோர் கூட்டம். காலணி வாங்கித் தருவார்கள், வேன் பிடிப்பார்கள், தண்ணீர் கேன் தூக்குவார்கள். இவை எல்லாச் சங்கத்திலும் உண்டு. இங்கே கூடுதலாக ஒரு வேலை இருந்தது. கடைசி வளைவில், வேலியை ஒட்டி ஓர் ஆள் நிற்க வேண்டும். கால் கனத்து, மூச்சு முட்டி, பிள்ளை அந்த இடத்துக்கு வரும்போது அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். நிஜப் பெயரைக் கத்தினால் அதே பெயரில் நாலு பெண்கள் திரும்புவார்கள் என்று சங்கமே ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தது. முதல் வருடம் எல்லாப் போட்டியிலும் கடைசியாக வந்த ஒருத்திக்கு நத்தை என்று பெயர். இப்போது சங்கத்திலேயே வேகமானவள் அவள்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வளைவில் நிற்பவர் லிஃப்ட்காரர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருடைய மகள் ஓடிய காலத்தில் வந்து சேர்ந்தார். மகள் படிப்பை முடித்து, கல்யாணமாகி, வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். பேரன் பிறந்ததும் மனைவியும் துணைக்குப் போனாள். ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள் இன்னும் வரவில்லை. மகள் போன பிறகு சங்கத்தில் இருக்க விதியில்லை. ஆனால் அந்தக் குரலை விட யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் குரலுக்கும் வாரத்தில் வேறு வேலை கிடையாது. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறவனிடம் யார் பேசுவார்கள்? வீட்டுக்கு வந்தால் டிவி பேசும். சனிக்கிழமை காலையில் மைதானத்துக் காவலாளிக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை துருப்பிடித்த கதவுபோலக் கிறீச்சிடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில், லிஃப்ட் போகும் குழிக்குள் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, "நத்தை! நத்தை!" என்று கத்திப் பார்ப்பார். குரல் பத்து மாடி உயரத்துக்குப் போய்த் திரும்பி வரும்.

அந்தச் சனிக்கிழமை நத்தை இரண்டாவதாக வளைவுக்குள் வந்தாள். தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. மகளும் களைத்தால் அப்படித்தான் சாய்ப்பாள். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"குருவி! விடாத குருவி! கைய வீசு!"

குருவி மகளின் பட்டப்பெயர்.

நத்தை திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அதற்குள் வெளிப்பக்கமாக ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள்.

பந்தயம் முடிந்து, அவர் தண்ணீர் பாட்டிலோடு போனபோது, அவள் புல்லில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரு மாமா குருவி? புதுசா யாரோ பின்னாடி வர்றாங்கன்னு நெனச்சிட்டேன்."

"என் பொண்ணும்மா."

"ஜெயிப்பாங்களா அவங்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டாள். "நீங்க பேர மாத்திக் கூப்பிட்டத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா," என்றாள்.

படிக்கட்டு மேடைக்கு அடியில், உயரம் தாண்டும் மெத்தைகள் அடுக்கிய அறையில் சங்கம் கூடியது. கோடைப் பயிற்சி முகாமுக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும். செயலாளர் அச்சகம் நடத்துபவர்; அவர் வாயிலிருந்து எல்லாமே தலைப்புச் செய்திபோலத்தான் வரும்.

"முன்னாடி போறப்போ பின்னாடி பாக்குற புள்ளைய எதை நம்பி அனுப்புறது? இன்னொருத்திய அனுப்பலாம்."

நத்தையின் அம்மா மருத்துவமனைச் சீருடையோடு ஓடி வந்திருந்தார். "ஏண்டி, அங்க என்ன சினிமாவா ஓடுச்சு, திரும்பிப் பாத்தே?"

"சும்மா பாத்தேம்மா."

"சும்மாவாம்! வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

நத்தை தரையைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் மெத்தையின் கிழிந்த ஓரத்தை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வளைவு மேடையிலிருந்து தொலைவு. அவர் கத்தியது இங்கே யார் காதிலும் தெளிவாக விழுந்திருக்காது. பேசாமலிருந்தால் அடுத்த சனிக்கிழமையும் வேலி அவருடையது.

"புள்ள மேல தப்பில்ல சார்," என்றார். "நான்தான் பேர மாத்திக் கூப்பிட்டேன். என் பொண்ணு பேரச் சொல்லிட்டேன்."



"அண்ணே," என்றார் செயலாளர், குரலை இறக்கி. "அவ போயி எத்தனை வருஷமாச்சு?"

"ஆச்சு."

"வீட்ல தனியாவா இருக்கீங்க இன்னும்?"

நத்தையின் அம்மா தன் கைப்பையின் வாரைச் சரி செய்தார். வாடகைக் கார் ஓட்டும் ஓர் அப்பா, "வளைவுல கத்த என் தொண்டையும் நல்லாத்தான் இருக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"உங்களுக்கு வேற வேலை குடுப்போம்ணே. வேன் பொறுப்பு இருக்கு, தண்ணி இருக்கு..."

"பாக்கலாம் சார்," என்று சொல்லி, அவர் எழுந்து வேலிப் பக்கம் வைத்திருந்த தன் குடையை எடுக்கப் போனார்.

மறுநாள் மகள் கூப்பிட்டாள். திரையில் பேரனின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"நேத்து மேட்ச் எப்படிப்பா?"

"மூணாவது."

"உங்க தொண்டை ஏன் இப்படி இருக்கு? ரொம்பக் கத்தினீங்களா?"

"கொஞ்சம்."

பின்னால் மனைவி ஏதோ சொன்னாள். குழந்தை அழுததில் கேட்கவில்லை.

நத்தை முகாமுக்குப் போனாள். ஜூன் மாதம் அதே மைதானத்தில் நடந்த போட்டியில் இரண்டாவதாக வந்தாள். வளைவில் கார் ஓட்டுநர் நின்றார். லிஃப்ட்காரர் அன்று வரவில்லை. காப்பீட்டு அலுவலகக் கட்டடத்தில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.