மூணாவது தரம்

நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்த அப்பாவின் நெற்றியில் மேகலா சந்தனத்தைக் குழைத்து ஒரு ரூபாய்க் காசை ஒட்டினாள். காசு வழுக்கி மூக்குக்கு வந்தது. மறுபடி ஒட்டினாள்.

"எங்கூடப் பொறந்த பொறப்பே…" என்று ராகம் இழுத்துக்கொண்டிருந்த பக்கத்து லைன் வீட்டு மருதாயி, மூச்சு வாங்குகிற சாக்கில் காதருகே குனிந்தாள். "ஏங்கண்ணு, இன்னைக்கு மொத ஞாயிறு. சீட்டு?"

அப்பா, எஸ்டேட் ரைட்டர் காளியப்பன், இருபது வருடமாக ஏலச்சீட்டு நடத்தியவர். இருபது பேர், மாதம் ஆளுக்கு ஐயாயிரம். அதிகம் தள்ளி விட்டுக்கொடுக்கிறவருக்கு அந்த மாதப் பணம். விடிகாலையில் உயிர் போனது. மாரமங்கலத்து முதல் பஸ்ஸிலேயே கூட்டம் வந்து இறங்கியது. அப்பாவுக்கு இத்தனை பேரா என்று மேகலா உருகியது பத்து நிமிடம்தான். எல்லார் கையிலும் சீட்டுப் புத்தகம் இருந்தது.

"கட்டுனதக் குடுத்துருங்க கண்ணு. அழுதுட்டுக் கெளம்பறோம்" என்றார் செம்மநத்தம் ஐயாக்கண்ணு.

"பணம் ஊட்ல இல்லீங்க மாமா."

அழுகை சட்டென்று நின்றது.

"பொறகு எங்க?"

"நீங்க உக்காந்திருக்கறதே அதானுங்க. தனபால் அண்ணன் போன மாசம் சீட்டெடுத்து வாங்குன சேரு. வாடகைக்கு உடறாரில்ல?"

ஐயாக்கண்ணு எழுந்து நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

பந்தல் காலைப் பிடித்து நின்ற தனபால் மெதுவாகக் கேட்டான். "அப்ப நானு இனிமே கட்டோணுமா, வேண்டாமா?"

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. எடுத்தவன் கட்டாவிட்டால் எடுக்காதவனுக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் பேரும் அவரோடு குழிக்குள் போய்விடும்.

மேகலா அப்பாவை எடுத்துப்போகும் வண்டி வாடகைக்கு வைத்திருந்த ஐயாயிரத்தை எடுத்து அப்பாவின் காலடியில் வைத்தாள். "எங்க பங்கு. ஏலம் இப்பவே. கட்டுங்கண்ணா."

தனபால் பையைத் துழாவினான். காலையில் சேருக்கென்று அவளே கொடுத்த நோட்டுகள்தான் முதலில் வந்தன. மீதியையும் சேர்த்து வைத்தான். ஐயாக்கண்ணு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து பணம் வந்தது. மற்றவர்களும் முண்டியடித்தார்கள்.

"பத்தாயிரம் தள்ளு" என்றார் ஐயாக்கண்ணு.

"பொறப்பே, பன்னெண்டு… என்னய உட்டுட்டுப் போனியே…" என்றாள் மருதாயி.

"பதிமூணு!"

"பதினஞ்சு, அய்யோ எஞ்சாமீ!"

மேகலா அப்பாவின் சீட்டு நோட்டைத் திறந்தாள். "பதினஞ்சாயிரம். ஒரு தரம்… ரெண்டு தரம்…"

மூன்றாவதற்கு முன் அப்பா எப்போதும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். பழக்கத்தில் எல்லாரும் அப்பாவின் நாற்காலியைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

காசு மெல்ல மூக்குக்கு இறங்கியது.