நாலாம் வருஷத்துக் காகிதம்

வருஷத்துக்கு ஒன்றாக ஏழு காகிதம், அவ்வளவுதான் கேட்டார்கள். ஏழு வருஷம் விடாமல் இந்த நாட்டில் இருந்ததைக் காட்டினால் தங்கவும் வேலை பார்க்கவும் அனுமதி. காட்ட முடியாவிட்டால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். பாப்பாவிடம் ஆறு இருந்தது.

பாப்பா என் நாத்தனார். முப்பத்தெட்டு வயதாகியும் என் வீட்டுக்காரருக்குத் தங்கை பாப்பாதான். என் பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாத விசாவில் வந்தாள். மூன்று மாதம் ஏழு வருஷமானதற்கு யாராவது குற்றம் சொல்வதானால் என்னைச் சொல்லட்டும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், நான் எப்படி வேலைக்குப் போவேன் என்று மூக்கைச் சிந்தி அவளை இருத்தி வைத்தவள் நான். "இன்னும் ஒரே ஒரு மாசம் பாப்பா" என்று எத்தனை மாசம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. இதற்கிடையில் அங்கே அவள் அம்மா போய்ச் சேர்ந்தார், வீடும் கைமாறியது. திரும்பிப் போனால் இறங்கி நிற்க ஒரு வாசல் கிடையாது.

அந்த ஆறு காகிதங்களும் என் மகள் புண்ணியத்தில் வந்தவை. தடுப்பூசி அட்டையில் கூட்டி வந்தவர் கையெழுத்து, படக்கதை எடுத்துப்போன நூலக அட்டை, பள்ளி வாசலில் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்ற சீட்டு, இப்படி. நாலாம் வருஷம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. எனக்கும் அந்த வருஷம் அடிதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு சம்பளச் சீட்டுகூடக் கொடுக்காமல் கடையைப் பூட்டிவிட்டு மறைந்துபோனார்.

ஆனால் பாப்பாவின் நாலாம் வருஷத்துக்கு ஒரு காகிதம் இருந்தது. அவள் பெயரில் இல்லை, அதுதான் கோளாறு.

எங்கள் வீட்டில் செருப்பு யாருடையது என்று கேட்கிற வழக்கமில்லை. யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர்கள் காலுக்கு அது. குடை, கம்பளிச் சட்டை எல்லாமே அப்படித்தான். அந்த வருஷம் பாப்பாவுக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்துத் தரையில் சுருண்டபோது, என் வீட்டுக்காரர் என் கைப்பையைத் திறந்து என் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து அவள் கையில் திணித்தார். விசா முடிந்த அவளுக்கு அப்படி ஓர் அட்டை இல்லை, என் அட்டையில் படமும் கிடையாது. எனக்கும் அது ஒரு செருப்பாகத்தான் தெரிந்தது.

பதினோரு நாள் அவள் என் பெயரில் படுத்திருந்தாள். அவள் பெயரை என் பெயராகச் சொல்லிக்கொண்டு நான் பார்க்கப் போனேன். "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று நான் கேட்க, "சும்மா இருங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இலவச ஆலோசனை சொல்கிற வக்கீலம்மாவிடம் யாருக்கோ நடந்ததுபோல இதைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியாமலா இருக்கும்?

"அட்டை குடுத்தவங்களோட குடியுரிமை மனு நிலுவையில இருந்தா அது போச்சு. வீட்டுக்காரர், குழந்தை எல்லாருக்கும் சேர்ந்தே போகலாம். அந்த யாரோ ஒருத்தரை நல்லா யோசிக்கச் சொல்லுங்க."

என் மனு நிலுவையில் இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பாப்பா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

விசாரணை நாளன்று அவளுக்கு மொழிபெயர்க்க நானே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தங்கமான மனிதர். வள்ளென்று விழுந்திருந்தால் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டாவது வந்திருப்பேன். அந்த வசதியும் எனக்கு வாய்க்கவில்லை.

"நாலாம் வருஷத்துக்கு மட்டும் ஒண்ணும் இல்லையே" என்றார். "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிருந்தாக்கூடப் போதும். நல்லா ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்க."

நான் பாப்பாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட வந்ததில்லைன்னு சொல்லுங்க அண்ணி."

உண்மை என் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் மொழி எனக்குத் தெரியும். நான் சொன்னால் அவளால் தடுக்க முடியாது. "பாப்பா" என்றேன்.

"சொல்லுங்க அண்ணி. அவர் காத்துக்கிட்டிருக்காரு."

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஏழு வருஷத்தில் அவள் கேட்டு நான் தட்டாமல் செய்தது அது ஒன்றுதான்.

"குடுத்துவெச்சவங்க" என்றார் அவர். பிறகு படிவத்தில் ஒரு கட்டத்தின் குறுக்கே கோடு போட்டார்.

முப்பது நாளும் ஓடிவிட்டது. கிளம்புகிற அன்று காலைகூட என் மகளின் பள்ளிச் சட்டைகளைத் தேய்த்து அடுக்கினாள். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கும்போது அவள் கை வலது பக்கம் வயிற்றுக்குப் போனது.

"இன்னும் வலிக்குதா?"

"கனமாத் தூக்கினா மட்டும் இழுக்கும். ஒண்ணுமில்ல அண்ணி."

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், என் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். அவளுடையது வாசலில் கிடந்தது. அதை நான் இன்னும் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து என் குடியுரிமை மனுவுக்காக என்னைக் கூப்பிட்டார்கள். அதே கட்டடம், ஒரு மாடி மேலே. இந்த முறை அதிகாரி ஒரு பெண்மணி. என்னிடமும் அதே ஏழு வருஷத்துக்குக் கேட்டிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நாலாம் வருஷத்துக்கு உங்க சம்பளச் சீட்டு இல்லையே."

முதலாளி ஓடிப்போன கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கணினியில் எதையோ தேடினார். முகம் தெளிந்தது.

"கவலைப்படாதீங்க. ஆஸ்பத்திரிப் பதிவு இருக்கு. ஆபரேஷன், பதினோரு நாள் உள்ளே இருந்திருக்கீங்க. இதைவிட என்ன சான்று வேணும்?"

கட்டத்தில் சரி என்று குறித்தார். படிவத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். பேனாவையும் அவரே எடுத்து நீட்டினார்.

"இப்போ உடம்பு எப்படி இருக்கு? தையல் போட்ட இடத்துல வலி ஏதும் இல்லையே?"

"இல்லைங்க" என்றேன். "எனக்கு நல்லா ஆறிடுச்சு."